தர்பூசணிக் கொடிக்குப் பக்கத்தில் எதை நடுவது, எவ்வளவு தள்ளி நடுவது, எப்போது எடுத்துவிடுவது

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் தர்பூசணி போடப்போகிறேன். பாத்தியில் மிச்சமிருக்கும் இடத்தில் எந்தெந்தச் செடிகளைச் சேர்த்து நடலாம்? செண்டுமல்லி வைத்தால் பூச்சி வராது என்கிறார்களே, உண்மையா? பக்கத்தில் பூசணியும் வெள்ளரியும் இருந்தால் பழத்தின் ருசி மாறிவிடுமா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். ருசி மாறாது. பூசணியின் மகரந்தம் தர்பூசணிப் பூவில் விழுந்தால் காய் பிடிக்கவே பிடிக்காது. இரண்டும் வேறு வேறு இனம். வெள்ளரிக்கும் இதே கதைதான். இரண்டு ரகத் தர்பூசணியைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் கலப்பு நடக்கும், ஆனால் அந்தக் கலப்பு விதைக்குள் மட்டுமே இருக்கும். நீங்கள் வெட்டிச் சாப்பிடும் சதை தாய்க்கொடியின் சதை. அந்த விதையை எடுத்து அடுத்த பருவத்தில் விதைத்தால்தான் வித்தியாசம் தெரியும். காட்டில் தானாகப் படரும் கசப்புக் கொம்மட்டி வகைகள் அருகில் இருந்தாலும் அப்படித்தான்: இந்த வருடப் பழத்துக்கு ஒன்றுமில்லை, விதை சேமிக்கிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்.

ஆனாலும் பூசணியையும் வெள்ளரியையும் தர்பூசணிக்குப் பக்கத்தில் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். காரணம் பூச்சியும் நோயும். அதைப் பின்னால் விளக்குகிறேன்.

துணைப்பயிர் என்றாலே "இதற்கு இது நட்பு, அதற்கு அது பகை" என்று ஒரு பட்டியல் கையில் கிடைத்துவிடுகிறது. தர்பூசணிக்கு அந்தப் பட்டியல் பாதிதான் உதவும். இந்தச் செடி முதல் மாதம் கையகலம் இருக்கும். அடுத்த மாதம் பத்தடிக் கொடியாக ஓடும். விதை ஊன்றி 25 நாள் வரை பாத்தியில் முக்கால்வாசி வெறும் மண்தான். 45ஆம் நாளுக்கு மேல் ஒரு சாண் இடம்கூட மிஞ்சாது. அதனால் எந்தத் துணைப்பயிரை எடுத்தாலும் மூன்று விஷயம் முடிவு செய்துகொண்டு நடுங்கள்: அது என்ன வேலைக்கு வருகிறது, குழியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கப்போகிறது, எந்த நாளில் பாத்தியைவிட்டு வெளியேறப்போகிறது. மூன்றாவதை யோசிக்காமல் நட்டதால்தான் பெரும்பாலான வீட்டுத் தோட்டங்களில் துணைப்பயிர் துணையாக இல்லாமல் போகிறது.

வேர் எங்கே ஓடுகிறது என்பதையும் மனதில் வையுங்கள். தர்பூசணியின் ஆணிவேர் ஆழமாக இறங்கும். ஆனால் சத்தை உறிஞ்சும் பக்கவேர்கள் பெரும்பாலும் மேல் ஒரு அடி மண்ணிலேயே, கொடி ஓடுகிற திசையெல்லாம் பரவியிருக்கும். மேலே வெறும் மண்ணாகத் தெரிகிற இடத்தில் கீழே வேர் இருக்கிறது. ஆகவே குழியின் நடுவிலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் எதுவும் வேண்டாம். 40 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை, ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும் மேலோட்ட வேர்ப் பயிர்கள் மட்டும். பூச்செடிகள் குறைந்தது 70 செ.மீ. தள்ளி. மக்காச்சோளம் மாதிரி உயரமானவை ஒன்றரை மீட்டருக்கு வெளியே.

அந்த வெறும் மண் காலத்துக்கு ஏற்றவை கீரையும் முள்ளங்கியும். சிறுகீரை, முளைக்கீரை இரண்டும் 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். தர்பூசணி விதை ஊன்றும் அதே நாளில் கீரை விதையையும் தூவிவிடலாம். இலை நிழலால் மண் காய்வது குறையும், களை முளைப்பதும் அடங்கும். 28ஆம் நாளுக்குள் வேரோடு பிடுங்கி முடித்துவிடுங்கள்; கிள்ளிக் கிள்ளி எடுத்து நீட்டிக்கொண்டே போகாதீர்கள். முள்ளங்கி 30 முதல் 45 நாளில் முடியும், ஆகவே அதைக் குழியிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி, ஓர வரிசையாகப் போடலாம். முள்ளங்கி வாசனைக்கு வண்டு ஓடிவிடும் என்று சொல்வதை நம்பி நட வேண்டாம். இடத்தைப் பயன்படுத்திக்கொள்வதற்காக நடுங்கள், அது போதும்.

சின்ன வெங்காயமும் நல்ல துணைதான், ஆனால் அதன் காலம் 65 முதல் 75 நாள். தர்பூசணியோடு ஒரே நாளில் நட்டால் வெங்காயம் திரளும் நேரத்தில் அது கொடியின் நிழலுக்குள் போய்விடும். தாள் மட்டும் நீண்டு வெங்காயம் சிறுத்துவிடும். வெங்காயம் வேண்டும் என்றால் தர்பூசணி விதைப்பதற்கு நாலு வாரம் முன்பே நட்டுவிடுங்கள். கொடி அங்கே வந்து சேர்வதற்குள் வெங்காயம் கைக்கு வந்துவிடும். பூண்டு இதைவிட நீண்டகாலப் பயிர், இந்தக் கணக்கில் அடங்காது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வரலாம்: பூவும் தேனீயும். வீட்டுத் தோட்டத்தில் தர்பூசணி காய்க்காமல் போவதற்கு உரத்தைவிட, பூச்சியைவிட, மகரந்தம் சேராததுதான் பெரிய காரணம். துணைப்பயிர் உண்மையிலேயே வித்தியாசம் காட்டுகிற இடமும் இதுதான்.

தர்பூசணியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி. ஆண்பூ முதலில், ஏறத்தாழ 30 முதல் 35 நாளில் வரும். பெண்பூ அதற்கு ஒரு வாரம் பத்து நாள் பின்னால். ஏழெட்டு ஆண்பூவுக்கு ஒரு பெண்பூ என்கிற விகிதத்தில்தான் வரும். பெண்பூவின் அடியில் கொட்டைப்பாக்கைவிடச் சின்னதாக, மெல்லிய ரோமத்தோடு ஒரு குட்டிப் பிஞ்சு உட்கார்ந்திருக்கும். ஆண்பூவுக்கு அடியில் வெறும் காம்புதான். பூ சூரியன் உதித்துக் கொஞ்ச நேரத்தில் விரிந்து, மதியத்தில் மூடிவிடும். மறுநாள் விரியாது. அந்தச் சில மணி நேரத்துக்குள் பெண்பூவின் மூன்று பிரிவான சூல்முடி முழுவதும் 500 முதல் 1000 மகரந்தத் துகள் விழுந்தால்தான் பழம் உருண்டு திரண்டு வரும். அதற்கு ஒரு பூவுக்குத் தேனீ எட்டு தடவையாவது வந்துபோக வேண்டியிருக்கும். மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது.

இதில் சங்கடம் என்னவென்றால், தர்பூசணிப் பூ தேனீக்கு அவ்வளவு பெரிய விருந்தில்லை. பூ சின்னது, தேன் குறைவு, இலைக்கடியில் மறைந்தும் கிடக்கும். தேனீ தேடி வருகிற பூ வேறு ஏதாவது அந்த இடத்தில் முன்பே பூத்துக்கொண்டிருந்தால், தோட்டத்துக்கு வரும் வழி அதற்குப் பழகியிருக்கும். ஆகவே துணைப் பூச்செடி தர்பூசணியின் முதல் பெண்பூவுக்கு ஒரு வாரமாவது முன்னால் பூக்க வேண்டும். பின்னால் பூத்தால் பயனில்லை.

இதற்கு என் முதல் தேர்வு திருநீற்றுப்பச்சிலை. துளசியும் அப்படியே. ஒரு மாத நாற்றாக வைத்தால் கதிர் விட்டுப் பூக்க ஆறேழு வாரம் ஆகும். அதனால் தர்பூசணி விதைப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவே நாற்றை நட்டுவிடுங்கள். இலைக்காகக் கதிரைக் கிள்ளிவிடும் பழக்கம் இருந்தால் இந்தச் செடிகளில் மட்டும் கிள்ளாதீர்கள். தண்ணீர் குறைந்தாலும் இவை தாங்கும். கடைசிக் கட்டத்தில் அதுவும் ஒரு பெரிய வசதி. அடுத்தது கொத்தமல்லி, பூக்க விடுகிற கொத்தமல்லி. விதைத்து 45 முதல் 55 நாளில் வெள்ளையாகப் பூக்கும். அந்தச் சின்னச் சின்னப் பூக்களில் தேன் மேலேயே இருப்பதால், நீளமான வாய் இல்லாத ஒட்டுண்ணிக் குளவிகளும் (பூச்சிகளின் உடலில் முட்டையிட்டு அவற்றைக் கொல்பவை), அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியைத் தின்னும் புழுக்களின் தாயான சிர்ஃபிட் ஈக்களும் வந்து உட்காரும். தர்பூசணிக்குப் பதினைந்து நாள் முன்னால் விதைத்தால் கணக்கு சரியாக வரும். எள்ளும் நல்லது, 35 முதல் 45 நாளில் பூத்துவிடும், தேனீ ஓயாமல் வரும், ஆனால் இடுப்பளவு வளரும், ஓரத்தில் நிற்கட்டும்.

சூரியகாந்தியைப் பலர் சொல்வார்கள். பெரிய ரகம் ஒன்றே ஒன்று நின்றாலும் நிழல் விழும், சுற்றியுள்ள சத்தையும் இழுக்கும், தர்பூசணிக்கு வர வேண்டிய தேனீயைத் தன் தட்டிலேயே பிடித்துவைத்துக்கொள்ளவும் செய்யும். இரண்டு மீட்டர் தள்ளி இடமிருந்தால் குட்டை ரகம் ஒன்றிரண்டு போடலாம், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

என்ன நட்டும் தேனீ வரவில்லை என்றால் கையால் சேர்த்துவிட வேண்டியதுதான். காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில், அன்று விரிந்த ஆண்பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழ்களைப் பின்னால் மடக்கி அல்லது உரித்துவிட்டு, நடுவிலிருக்கும் மஞ்சள் குமிழைப் பெண்பூவின் மூன்று மடலிலும் மென்மையாகத் தேய்க்க வேண்டும். ஒரு மடலை விட்டுவிட்டால் பழம் அந்தப் பக்கம் சூம்பிப்போகும். ஒரு பெண்பூவுக்கு இரண்டு ஆண்பூ பயன்படுத்துவது நல்லது. பிஞ்சு பிடித்திருந்தால் இரண்டு மூன்று நாளில் பளபளப்பாகத் தலைகுனியும். பிடிக்காவிட்டால் மஞ்சளாகிச் சுருங்கிக் கொட்டிவிடும். ஒரு கொடி இரண்டு முதல் நான்கு பழம்தான் தாங்கும், அதற்கு மேல் உள்ள பிஞ்சுகளைச் செடியே உதிர்ப்பது இயல்பு. அதைக் கண்டு உரத்தைக் கூட்டாதீர்கள்.

வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பவர்களுக்கு ஒன்று: மாலையில், பூ மூடிய பிறகு மட்டும் தெளியுங்கள். காலையில் விரிந்த பூவின் மேல் எண்ணெய் பட்டால் அன்றைய தேனீ வரவு போச்சு. இலைமேல் வெள்ளைப் பொடியாகப் படியும் சாம்பல் நோய்க்குக் கந்தகம் தெளிக்கச் சொல்வார்கள். கடும் வெயில் காலத்தில் இந்தக் குடும்பத்துக் கொடிகளின் இலை கந்தகத்தில் கருகும், தொடாமல் இருப்பதே மேல்.

செண்டுமல்லி விஷயம். "செண்டுமல்லி வைத்தால் பூச்சி வராது" என்பது அப்படியே உண்மையில்லை. அதற்குள் ஒரு உண்மை இருக்கிறது. மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு என்று ஒன்று உண்டு, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. வேருக்குள் புகுந்து முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும். செடி தண்ணீர் இருந்தும் மதியம் வாடும், வளர்ச்சி நிற்கும். குட்டை ரகமான பிரெஞ்சு செண்டுமல்லியின் வேரில் இருக்கும் ஒரு வேதிப்பொருள் இந்தப் புழுவைக் கொல்லும். ஆனால் அது நடக்க, செண்டுமல்லி பாத்தி முழுக்க, 15 முதல் 20 செ.மீ. இடைவெளியில், நெருக்கமாக, குறைந்தது இரண்டு மாதம் வளர்ந்திருக்க வேண்டும். நடுவில் களை இருக்கக் கூடாது, ஏனென்றால் புழு களையின் வேரில் போய் வாழ்ந்துகொள்ளும். அதாவது செண்டுமல்லி தர்பூசணிக்கு முந்தைய பயிராக இருக்க வேண்டும். பாத்தி ஓரத்தில் நாலு செடி நட்டால் நூற்புழுவுக்கு ஒன்றும் ஆகாது. வேரைச் சுற்றி உள்ள மண்ணில்தான் அதன் வேலை.

உங்கள் மண்ணில் நூற்புழு இருக்கிறதா என்று எளிதாகத் தெரிந்துகொள்ளலாம். முன்பு அங்கே நின்ற கத்தரியையோ வெண்டையையோ பிடுங்கும்போது வேரைக் கழுவிப் பாருங்கள். பாசிமணி கோத்த மாதிரி வீக்கங்கள் இருக்கும். அவரை, பயறு வகைச் செடிகளில் குழப்பம் வரலாம், அவற்றின் வேரிலும் முடிச்சு உண்டு. விரலால் தேய்த்தால் உதிர்ந்து வந்துவிடுவது நல்ல முடிச்சு, நுண்ணுயிரிகள் வாழ்வது. நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். வேரே வீங்கியிருந்து, தேய்த்தால் உதிராமல் வேரோடு கிழிந்து வந்தால் அது நூற்புழு.

பூவுக்காக ஓரத்தில் நாலு செண்டுமல்லி நிற்பதில் தவறில்லை. ஆனால் வெயில் காலத்தில் இலைப்பேனும் சிவப்புச் சிலந்திப் பேனும் முதலில் அதில்தான் ஏறும். வாரம் ஒருமுறை ஒரு வெள்ளைத்தாளைப் பூவுக்கு அடியில் பிடித்து, பூவை விரலால் நாலு தட்டு தட்டிப் பாருங்கள். தவிட்டுத் துகள் அளவுக்கு மெலிந்த மஞ்சள், பழுப்புக் கீற்றுகள் தாளில் ஊர்ந்தால் அது இலைப்பேன். ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. பத்து பதினைந்து ஊர்ந்தால் அந்தப் பூக்களைப் பறித்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அப்படி வைத்துப் பார்த்தால் செண்டுமல்லி ஒரு நல்ல காவல்காரன். கவனிக்காமல் விட்டால் அதுவே பூச்சிப் பண்ணை.

நூற்புழுவைக் குறைக்கச் செண்டுமல்லிக்கு இணையாக, வீட்டுத் தோட்டத்துக்கு அதைவிடச் சுலபமாக நான் சொல்வது சணப்பு. தர்பூசணிக்கு இரண்டு மாதம் முன் நெருக்கமாகத் தூவி, 45 நாளில், பூ எடுக்கும் முன் வெட்டி மண்ணில் மடக்கி, 15 நாள் மட்க விடுங்கள். நூற்புழு அதில் பெருகாது. மண்ணுக்குத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) சேரும்.

தழைச்சத்து என்றதும் பயறு வகைகள் ஞாபகம் வரும். தட்டைப்பயறு, பீன்ஸ் பக்கத்தில் இருந்தால் தர்பூசணிக்குத் தழைச்சத்து ஊட்டும் என்பது பலரும் எழுதுவது. பயறுச் செடி உயிரோடு இருக்கும்வரை தான் சேர்த்ததைப் பெரும்பாலும் தானே எடுத்துக்கொள்ளும். அது செத்து மட்கும்போதுதான் பக்கத்துச் செடிக்குக் கிடைக்கும். அதனால் குத்துச்செடி ரகத் தட்டைப்பயறை 70 செ.மீ. தள்ளிப் போட்டு, 30 முதல் 35 நாளில் தரையோடு அறுத்து, தழையை அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். பிடுங்க வேண்டாம், வேர் உள்ளேயே மட்கட்டும். பிடுங்கினால் தர்பூசணியின் பக்கவேரும் சேர்ந்து அறுபடும். காய்க்காகத் தட்டைப்பயறை நிறுத்திவைத்தால் வேறு தொல்லை: அதன் நுனியில் கறுப்பு அசுவினி மொய்க்கும், எறும்பு அதைக் காவல் காக்கும், அங்கிருந்து தர்பூசணிக்கு வைரஸ் வரும். நூற்புழு உள்ள மண்ணில் தட்டைப்பயறே வேண்டாம், அதன் வேரிலும் புழு பெருகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தர்பூசணிக்குத் தழைச்சத்து கூடினால் கொடி தளதளவென்று ஓடும், பெண்பூ குறையும், பழமும் சப்பென்று இருக்கும். பூ எடுத்த பிறகு தழைச்சத்து தரக்கூடிய எதையும் சேர்க்க வேண்டாம்.

மக்காச்சோளம் ஏன் நல்ல துணை என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது வாசனையால் விரட்டுவது மாதிரியான நம்பிக்கைச் சமாசாரம் இல்லை, தெளிவான காரணம் இருக்கிறது. தேமல் நோய் வைரஸ்களை அசுவினி பரப்பும் விதம் இப்படி: நோயுற்ற செடியில் வாயை ஒரு நொடி குத்திப் பார்த்தாலே வைரஸ் வாய் ஊசியில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த செடியில் குத்தியவுடன் இறங்கிவிடும். சில நொடிகளில் நடந்துவிடுவதால் பூச்சிக்கொல்லியால் இதைத் தடுக்க முடியாது. ஆனால் அசுவினி முதலில் இறங்குகிற செடி மக்காச்சோளமாக இருந்தால், அதில் இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பார்ப்பதற்குள் ஊசியில் இருந்த வைரஸ் துடைபட்டுவிடும். மக்காச்சோளத்துக்கு அந்த வைரஸ் ஒட்டாது. ஓரத்தில் இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளமோ சோளமோ நிற்பது இதற்குத்தான். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன், நோய் வரும் நாளைத் தள்ளிப்போடும். தர்பூசணிக்கு அந்தத் தள்ளிப்போடல் பெரிய விஷயம்: பூக்கும் முன் நோய் வந்தால் காயே இல்லை, காய் பிடித்துப் பெருத்த பிறகு வந்தால் பெரும்பாலான பழம் தப்பிவிடும்.

பழ ஈக்கும் மக்காச்சோளத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. பழ ஈ பகல் வெயிலில் தர்பூசணிக் கொடியில் தங்காது. பக்கத்தில் உள்ள உயரமான, நிழலான செடியில் ஒதுங்கியிருந்து, பிஞ்சுக்கு வந்து முட்டை குத்திவிட்டுத் திரும்பும். அந்த ஒதுங்கும் இடம் மக்காச்சோள வரிசை என்று நமக்குத் தெரிந்துவிட்டால், கியூலூர் பொறியை (ஈயை இழுக்கும் வாசனைப் பொருள் வைத்த பொறி) அந்தப் பக்கமே, ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் உயரத்தில், நிழலில் கட்டலாம். பொறியில் ஆண் ஈ மட்டுமே விழும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. பிஞ்சு எலுமிச்சை அளவு ஆனதும் மெல்லிய துணிப்பையோ காகிதப்பையோ மாட்டி, தோல் கெட்டிப்படும் வரை இரண்டு வாரம் விட்டால் ஈ குத்த முடியாது. குத்துப்பட்டுப் பிசின் கசிந்த பிஞ்சை உரக்குழியில் போடாதீர்கள்; பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள்.

மக்காச்சோளத்தைத் தர்பூசணிக்கு மூன்று வாரம் முன் விதைக்க வேண்டும். தர்பூசணி நாற்று இரண்டிலை விடும்போது மக்காச்சோளம் முழங்கால் உயரத்துக்கு வந்திருக்கும். எந்தப் பக்கம் என்பதுதான் பலர் தவறு செய்யும் இடம். கிழக்குப் பக்கம் கூடவே கூடாது: காலை வெயில் மறைந்தால் பூ விரிவது தாமதமாகும், பனி ஈரம் காயாது, தேனீயும் தாமதமாக வரும். காற்றடிக்கும் பக்கமாகவும், பகல் நிழல் பாத்தியில் விழாத பக்கமாகவும் பார்த்து வையுங்கள்.

சேர்க்கக் கூடாதவை. முதலில் சொந்தக் குடும்பம்: வெள்ளரி, பூசணி, பீர்க்கு, பாகல், புடல், சுரை, முலாம்பழம். பழ ஈ, சிவப்புப் பூசணி வண்டு, சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய், தேமல் வைரஸ் எல்லாம் இவற்றுக்குப் பொது. பந்தலில் வருடம் முழுவதும் பாகலும் பீர்க்கும் நிற்கிற வீட்டில் பழ ஈக்குப் பஞ்சமே வராது. இடமில்லை, இரண்டும் வேண்டும் என்றால் தோட்டத்தின் இரு கோடியில் வையுங்கள், முதிர்ந்த பாகல், பீர்க்கைச் செடியிலேயே பழுக்க விடாதீர்கள். அடுத்தது தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை. இவை நூற்புழு, வெள்ளை ஈ, இலைப்பேன் மூன்றையும் வளர்த்துக் கொடுக்கும். மொட்டுக்கருகல் நோய் தலைகாட்டுகிற பகுதியாக இருந்தால் தக்காளியோடு நிலக்கடலையையும் தள்ளி வையுங்கள். இலைப்பேன் பரப்பும் அந்த நோய்க்கு இரண்டும் இடம் கொடுக்கும். நிலக்கடலையைச் சிலர் "தரையோடு இருக்கும், பயறு வகை" என்று தர்பூசணிக்குச் சேர்த்துவைப்பார்கள். பிடுங்கும் நேரம் பழம் திரளும் நேரத்தோடு மோதும் என்பதாலும் அது வேண்டாம். உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி இரண்டுக்கும் இதே தடைதான், மண்ணைக் கிளறித்தான் எடுக்க வேண்டும். புதினாவைத் தொட்டியில் தவிர வேறெங்கும் வைக்காதீர்கள்.

சிவப்புப் பூசணி வண்டுக்கு எந்தத் துணைப்பயிரும் பதில் இல்லை. முளைத்த நாளிலிருந்து நாலிலை வரை, வித்திலையைச் சல்லடையாக்கி ஒரே நாளில் நாற்றை முடித்துவிடும். கொசுவலைத் துண்டைக் குழிமேல் கூடாரமாகப் போட்டு ஓரத்தை மண்ணில் புதைத்துவிடுங்கள். பெண்பூ வரும் முன் எடுத்துவிட வேண்டும். வலை இல்லாவிட்டால் விடிகாலையில், வண்டு குளிரில் மந்தமாக இருக்கும்போது, சோப்புத் தண்ணீர் டப்பாவில் தட்டிவிடலாம்.

இனி இதையெல்லாம் ஒரு பாத்தியில் பொருத்திப் பார்ப்போம். நாலு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடி இரண்டு மீட்டர் ஓடுகிற சின்னப் பழ ரகம். நடுக்கோட்டில் 1.3 மீட்டர் இடைவெளியில் மூன்று குழி, ஒவ்வொன்றும் நீளம் அகலம் ஆழம் 45 செ.மீ. விதைப்பதற்கு 12 நாள் முன் குழிக்கு 8 முதல் 10 கிலோ மட்கிய தொழு உரமும் 100 கிராம் வேப்பம்புண்ணாக்கும் மேல்மண்ணோடு கலந்து நிரப்புங்கள். இரண்டு செ.மீ. ஆழத்தில் நாலைந்து விதை. மூன்றிலை வந்ததும் நல்ல இரண்டை விட்டு மற்றதைக் கத்தரியால் நறுக்குங்கள். ஒரு கொடி ஒரு பக்கம், இன்னொன்று மறுபக்கம் ஓடட்டும். குழி வரிசையின் இருபுறமும், 40 செ.மீ. தள்ளி, அரை மீட்டர் அகலத்துக்குக் கீரை. அதற்கு வெளியே ஒரு வரிசை முள்ளங்கி. நாலு மூலையிலும் ஒரு முழ அகலத்துக்குக் கொத்தமல்லி, பூக்க விடுவதற்காக. அகலப் பக்கங்களின் நடுவில் பக்கத்துக்கு ஒரு திருநீற்றுப்பச்சிலை. நடைபாதைக்கு அரை மீட்டர் விட்டு, நீளப் பக்கங்களில் நிழல் விழாத ஒன்றின் வெளியே, 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு வரிசை மக்காச்சோளம், செடிக்குச் செடி 20 செ.மீ.

28ஆம் நாள் கீரை காலி. 40ஆம் நாள் முள்ளங்கி காலி. அந்த இடத்தில் வைக்கோலோ காய்ந்த சருகோ மூடாக்காகப் பரப்புங்கள், கொடி அதன் மேல் ஓடும், பழம் ஈரமண்ணில் உட்காராது. ஓட ஆரம்பித்த கொடியைப் புரட்டாதீர்கள். அதன்பின் பாத்திக்குள் நிற்பது தர்பூசணியும் பூச்செடிகளும் மட்டுமே. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் தண்ணீர். பழம் முதிரும் கடைசி ஏழெட்டு நாளில் தண்ணீரைக் குறைத்தால்தான் இனிப்பு ஏறும். அந்த நேரத்தில் கீரையோ வெங்காயமோ பாத்தியில் இருந்தால் அதற்காகத் தண்ணீர் விடுவீர்கள், பழம் நீர்த்துப்போகும். காயவிட்டுத் திடீரென்று விட்டால் வெடிக்கும்.

நெருக்கத்தையும் கவனியுங்கள். காலை பத்து மணிக்குக் கொடிக்கு நடுவில் கையை விட்டு இலையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். இன்னும் ஈரம் இருந்தால் காற்று போகவில்லை; அடிச்சாம்பல் நோய் வர அது போதும். முதலில் கொத்தமல்லியை அறுத்துக் குறையுங்கள், தர்பூசணி இலையைக் கை வைக்காதீர்கள், அந்த இலைகள்தான் பழத்துக்கு இனிப்பு சேர்க்கின்றன.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு: 50 முதல் 60 லிட்டர் பைக்கு ஒரே ஒரு தர்பூசணி, அதே பையில் வேறு எதுவும் வேண்டாம். துணைச்செடிகள் பக்கத்துத் தொட்டியில் இருக்கட்டும். பூ வேலை முடிந்ததும் தூக்கி நகர்த்திவிடலாம் என்பது தொட்டியில் கிடைக்கும் சௌகரியம். பந்தலில் ஏற்றினால் கணக்கு மாறும். கொடி மேலே போய்விடுவதால் கீழே 70 செ.மீ. தள்ளிக் கீரையைத் தொடர்ந்து போட்டுக்கொள்ளலாம், அந்த லேசான நிழல் கோடையில் கீரைக்கு நல்லது. ஆனால் கீரைக்கு விடும் தண்ணீர் தர்பூசணியின் வேருக்கும் போகும் என்பதால், பழம் முதிரும் வாரத்துக்கு முன் அந்தக் கீரையையும் பறித்து முடித்துவிட வேண்டும். இரண்டு மூன்று கிலோ வரும் ரகத்தை மட்டும் பந்தலுக்குத் தேர்ந்தெடுங்கள். பழம் ஆரஞ்சு அளவு வந்ததும் வலைப்பையில் வைத்துப் பந்தல் கம்பியில் கட்டிவிடுங்கள், எடை காம்பில் தொங்காமல் பையில் இறங்க வேண்டும்.